இரண்டாம் வேற்றுமை

அக்கா கம்பஸில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஊரில் யாரும் அவளோடு சாதாரணமாகக் கதைக்கவில்லை. கோயில் வீதியில் மறித்து, இது பெயரெச்சமா வினையெச்சமா என்று கேட்பார்கள். அவள் எழுதிக் கொடுக்கும் சாமான் துண்டைக்கூடக் கடைக்காரர் சந்தி சரியா என்று பார்த்துச் சிரிப்பார். அம்மாவுக்கு அதெல்லாம் பெருமை. அக்காவோ ஒரு தபாலட்டை எழுதுவதற்கும் அகராதியை மடியில் வைத்திருப்பாள்.

அந்த வருடம் பெரியப்பாவின் ஒரே மகன், எங்கள் அண்ணை, கொடிகாமம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோன இடத்தில் ஷெல் விழுந்து இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருபவர்களுக்குக் கொடுக்க, அவருடைய நினைவுப் புத்தகமான கல்வெட்டு அச்சடிக்க வேண்டும். வீட்டிலேயே தமிழ் படிக்கிற பிள்ளை இருக்கும்போது வெளியில் ஏன் கேட்க வேண்டும் என்று பெரியப்பா அக்காவிடம் ஒப்படைத்துவிட்டார். சின்ன வயதில் அவளைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர் அண்ணைதான். ஆனால் அவளுக்கு அழவும் நேரமிருக்கவில்லை. இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவில் தளை தட்டிவிடக் கூடாதென்று பத்து நாளாக விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடதாசித் தட்டுப்பாட்டுக் காலம். கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி, அந்தியேட்டிக்கு முதல் நாள் காலை நூற்றைம்பது கல்வெட்டும் வந்து சேர்ந்தன. பந்தலில் சனம் நிறைந்திருந்தது. பெரியப்பா என்னைக் கூப்பிட்டு உரக்க வாசிக்கச் சொன்னார். நான் அப்போது ஆறாம் வகுப்பு. வெண்பாவுக்குப் பலர் தலையாட்டினார்கள். அடுத்த பக்கத்தில் ‘எங்களை தவிக்க விட்டு’ என்றிருந்தது. அந்தத் தவணைதான் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இரண்டாம் வேற்றுமை படிப்பித்திருந்தார்கள்.

“இதிலை ‘த்’ வரவேணும், பெரியப்பா. அக்கா விட்டிட்டா,” என்றேன்.

கம்பஸில் என்னத்தைத்தான் படிப்பிக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். வெண்பாவும் அவளுடையதுதானோ என்று இன்னொருவருக்குச் சந்தேகம் வந்தது. பெரியப்பா அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சத்தம் போடாமல், அக்காவைக் கேட்டார்.

“என்ரை பிள்ளையைப் பற்றி எழுதேக்கை கூட உனக்குப் பிழை வருமே?”

அக்கா பேனையை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்வெட்டாக விரித்து, ஒரு சின்னத் ‘த்’ செருகத் தொடங்கினாள். பெரியப்பா எதிரே இருந்து ஒவ்வொன்றையும் வாங்கிச் சரிபார்த்தார். நூறு தாண்டியதும் எழுத்து மேல் எழுத்து ஏறியது. அப்படியானவற்றை அவர் ஒருபக்கம் ஒதுக்கி வைத்தார். பெரியம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்தா.

“விடுங்கோ. அவன் வந்து வாசிக்கப்போறானே?”

அதற்குப் பிறகும் இருவரும் நிறுத்தவில்லை.

எனக்கு அன்று முழுக்கப் பெருமை. பிழை பிடித்தது நான்தான் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சண்டையால் மூடியிருந்த கம்பஸ் திரும்பத் திறந்தபோது அக்கா போகவில்லை. அம்மா கெஞ்சியும் பார்த்தா, அழுதும் பார்த்தா. அடுத்த வருடம் கலியாணம் பேசிக் கனடாவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து, போய் வருபவர்களிடம் படங்கள் கொடுத்துவிடுவாள். படத்தின் பின்பக்கத்தில் ஒரு சொல்லும் இருக்காது. அன்று பெரியப்பா அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் அம்மாவிடம் சொல்வேன். அம்மா என்னைப் பார்ப்பா; பிறகு படத்தை வாங்கி வைத்துவிடுவா. அக்காவுக்குப் பெரியப்பாவோடுதான் கோபம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.