சிங்காரம் இறந்த தேதி

கிணற்று மோட்டாருக்கு மின் இணைப்பு கேட்டுப் போன இடத்தில்தான் செவ்வந்திக்கு விஷயம் தெரிந்தது. அவள் இத்தனை வருடமாகச் சாமை விதைத்து வரும் நிலம் இன்னும் தாத்தா சிங்காரத்தின் பெயரிலேயே இருந்தது. அப்பா தசரதன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பட்டா மாற்ற அப்பாவின் இறப்புச் சான்று மட்டும் போதாது, தாத்தாவுடையதும் வேண்டும் என்றார் கிராம நிர்வாக அலுவலர்.

"அவரு எப்ப செத்தாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்க. எங்கப்பாவுக்கு அஞ்சு வயசா இருக்கும்போதே வூட்ட விட்டுப் போய்ட்டாரு."

"எங்க போனாரு?"

ஜவ்வாது மலையில் எல்லோருக்கும் தெரிந்த பதில் ஒன்று இருந்தது. சிங்காரம் யாரோ ஒரு பொம்பளையோடு ஆந்திரா பக்கம் ஓடிப்போனவர். அதை அந்த மேசைக்கு முன்னால் நின்று சொல்ல செவ்வந்திக்கு வாய் வரவில்லை.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அங்கன்வாடியில் சமைக்கிறாள். வேலை முடிந்ததும் நிலத்துக்குப் போவாள். தசரதனுக்கு ஒரே மகள். அப்பா தன் தகப்பன் பெயரை உச்சரித்து அவள் கேட்டதே இல்லை. "நீ உங்கப்பன் மாதிரியே நடக்கிற" என்று ஒருமுறை அவரிடம் யாரோ சொல்லிவிட்டார். அந்த ஆளின் வாசலை அப்பா பன்னிரண்டு வருடம் மிதிக்கவில்லை.

திருப்பத்தூரில் இறப்புப் பதிவேடுகளைத் தேடிப் பார்க்கச் சொல்லி மனு கொடுத்தாள். இரண்டு தடவை மலையிறங்கிப் போய்வந்தாள். சிங்காரம் என்ற பெயரில் நாலு பேர் கிடைத்தார்கள், ஒருவரும் மலைக்காரர் இல்லை. காணாமல் போனவர் என்று கோர்ட்டில் சொல்லித் தீர்ப்பு வாங்கலாம், ஆனால் அவர் போனதைக் கண்ணால் பார்த்த யாராவது வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். அப்படி உயிரோடு இருப்பது ஒரே ஆள்தான், அப்பாவின் அக்கா சம்பூர்ணம். தாத்தா போனபோது அவளுக்கு ஒன்பது வயது.

செவ்வந்தி போனபோது அத்தை புளி தட்டிக்கொண்டிருந்தாள். விவரமெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"கோர்ட்டுல நான் இன்னா சொல்லணும்?"

"அவரு ஒரு பொம்பள கூட ஓடிப்போனாருன்னு சொல்லணும் அத்த. சத்தியம் பண்ணிச் சொல்லணும்."

அத்தையின் கை நின்றது. புளியை ஒதுக்கி வைத்தாள்.

"பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன். அவரு எங்கயும் ஓடல."

பிறகு சொன்னாள். சிங்காரத்தின் கையில் தேமல் மாதிரி வெளுத்திருந்தது. ஒருநாள் அடுப்பிலிருந்து வெந்த கிழங்கை வெறுங்கையால் எடுத்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. அவர் பாட்டுக்குக் கிழங்கை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த சம்பூர்ணம்தான் அலறினாள். அடுத்த மாதம் அவர் வீட்டில் இல்லை.

"பெருவியாதி. மலைக்குக் கீழ, வேலூரு போற வழியில அதுக்குன்னு ஒரு ஆஸ்பத்திரி இருந்துச்சி, அங்க போய்ட்டாரு. ஓடிப்போனான்னு ஊர்ல சொல்லுன்னு அம்மாவுக்குச் சொல்லிக்குடுத்ததே அவருதான். ஓடிப்போனவன் புள்ளைங்களக் கட்டுவாங்க. பெருவியாதிக்காரன் புள்ளைங்கள யாரு கட்டுவாங்க?"

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

அத்தை இல்லையென்று தலையசைத்தாள்.

மறுவாரமே செவ்வந்தி அந்த ஆஸ்பத்திரியைத் தேடிப் போனாள். தொழுநோய்க்கென்று இருந்த இடம், இப்போது அங்கே எல்லா நோய்க்கும் வைத்தியம் பார்க்கிறார்கள். பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் கீதாஞ்சலி என்ற பெண், வருடத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய் மூன்று தடிமனான நோட்டுகளோடு வந்தாள். அரைமணி நேரத்தில் விரலை ஒரு வரியில் வைத்தாள்.

"சிங்காரம், ஜவ்வாது மலை. ஐம்பத்தெட்டுல சேர்ந்திருக்கார். உறவினர்னு இருக்கிற இடத்துல 'யாரும் இல்லை'ன்னு எழுதியிருக்கு. உங்களுக்கு அவர் இன்னா வேணும்?"

"எங்க தாத்தா."

கீதாஞ்சலி அடுத்த நோட்டைத் திருப்பினாள். தறிக்கூடத்தில் வேலை. அறுபத்தாறில் நோய் தணிந்தது, வீட்டுக்கு அனுப்பலாம். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில்: போக விருப்பம் இல்லை என்கிறார். எழுபத்து நாலு ஆவணி மாதம் இறந்தார்.

குணமான பிறகும் எட்டு வருடம். மலை அங்கிருந்து ஒருநாள் பயணம்தான். செவ்வந்தி அந்த வரியைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

"பார்க்க ஒருத்தர் வந்திருக்காங்களே," என்றாள் கீதாஞ்சலி. பார்வையாளர் நோட்டில் மூன்று இடத்தில் கைநாட்டு இருந்தது. எழுபது, எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று. பக்கத்தில் 'சம்பூர்ணம், மகள்' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

மலையேறியதும் செவ்வந்தி நேரே அத்தை வீட்டுக்குத்தான் போனாள். உட்காரவில்லை.

"நீ போய்ப் பாத்திருக்க. அத ஏன் சொல்லல?"

"திருப்பத்தூர்ல புளி வித்துட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போவேன். தம்பி எப்டி இருக்கான்னுதான் மொதல்ல கேப்பாரு. உன்னத் திட்டிக்கினே கெடக்கறான்னு சொன்னேன். திட்டட்டும், அவனுக்குக் கல்யாணம் ஆவட்டும்னாரு."

"கல்யாணம்தான் ஆச்சே. அதுக்கப்புறம் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நெனச்சேன். அதுக்குள்ள நீ பொறந்துட்ட. உனக்கு ஒரு மாப்ள அமையட்டும்னு இருந்தேன். அப்டியே போய்டுச்சி."

செவ்வந்தி கிளம்பி வந்துவிட்டாள். ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. சாகும்வரை அப்பா யார்மேல் ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் அங்கன்வாடி அடுப்புக்கு முன்னால் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவாள். கணவன் விஜயராஜ் கேட்டபோதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், "வயசானவங்க. போய்ப் பாரு" என்று மட்டும் சொன்னான்.

ஆஸ்பத்திரி கொடுத்த கடிதத்தை வைத்து இறப்புச் சான்று வந்தது. பட்டா மனுவில் வாரிசாக அத்தையும் கைநாட்டு வைக்க வேண்டும். காகிதத்தோடு போன செவ்வந்தியிடம் அத்தை ஒன்றுதான் கேட்டாள்.

"என்ன அங்க ஒருதரம் கூட்டிக்கினு போறியா?"

இருவரும் அதிகாலைப் பஸ்ஸில் மலையிறங்கிப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இடுகாட்டில் கல்லுக்கு ஒரு எண் போட்டு வரிசையாக நட்டிருந்தார்கள், பெயர் கிடையாது. கீதாஞ்சலி எண்ணை எழுதிக் கொடுத்திருந்தாள். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வேலியோரமாக நேரே நடந்து, ஒரு கல்லின் முன்னால் நின்றாள். செவ்வந்தி காகிதத்தைப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"செத்து பதினோரு நாள் கழிச்சித்தான் எனக்குச் சேதி வந்துச்சி. அப்ப வந்து இந்தக் கல்லப் பாத்ததுதான்," என்றாள் அத்தை. கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் அழுதாள். அழுகை தகப்பனுக்காக இல்லை.

"தசரதன ஒருதரமாவது இங்க கூட்டியாந்திருக்கணும் செவ்வந்தி. என் தம்பிய நான் கூட்டியாந்திருக்கணும்."

பரவாயில்லை என்று செவ்வந்தியால் சொல்ல முடியவில்லை. சொல்லவும் இல்லை. வெயில் ஏறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு அத்தையின் அக்குளில் கைகொடுத்து எழுப்பி, கற்களுக்கு நடுவே மெல்ல நடத்திக் கூட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தாள்.