வெளிச்சம் என்று குறிக்கப்பட்ட பாவு

பனி விழுந்த தெரு ஒன்று எனக்கு மனப்பாடம். இடது பக்கம் சிவப்புக் கதவு. கதவுக்கு வெளியே சங்கிலி போட்டுப் பூட்டிய சைக்கிள். மூன்றாவது விளக்குக் கம்பத்தடியில், குட்டைக் கோட்டு போட்ட ஒரு நாய். நான் அங்கே போனதில்லை. அது எந்த ஊர் என்று எங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள்.

ஆரணியில் ஒரு துணிக்கடையின் மாடியில், திரைச்சீலை இழுத்துவிட்ட ஏசி அறையில் உட்கார்ந்து அந்தத் தெருவில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். ஆளைச் சுற்றி ஒரு கட்டம், வண்டியைச் சுற்றி ஒன்று, நாயைச் சுற்றி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பெயர் குறிக்க வேண்டும். தானாக ஓடப் பழகும் காருக்கு அதுதான் பாடம். நான் வேலை பார்த்த நாளிதழ் மாவட்டப் பக்கங்களைக் குறைத்ததால் நான் அங்கே வந்திருந்தேன். எனக்கு அடுத்த நாற்காலிப் பெண் களம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். பன்னிரண்டாவது முடித்தவள். அதுவரை ரைஸ் மில் களத்தில் அம்மாவோடு நெல் துழாவிக்கொண்டிருந்தவள்.

மத்தியான வேளைகளில் அந்த அறையில் யாரும் பேசமாட்டார்கள். கீழே ரோட்டில் பஸ் ஹாரன் கேட்கும்; திரையில் பனி விழும். சாப்பிட்ட மயக்கத்தில் எது வெளியே, எது உள்ளே என்று ஒரு கணம் தடுமாறும். "எனுக்குக் கால் சில்லுன்னு இருக்குது சார்," என்றாள் ஒருநாள். ஏசி அவள் தலைக்கு மேலேதான் இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பயிற்சி முடிந்ததும் பரீட்சை. நூறு படங்கள். ஐந்து தப்பு வரை விடுவார்கள். தேறினால் மாதச் சம்பளம், இல்லாவிட்டால் அவளுக்குத் திரும்பவும் நெல் களம். எனக்கு ஒரு தப்பும் இல்லை. அவளுக்கு ஆறு.

அந்த ஆறாவது தப்பு விழுந்த படம் நம் நாட்டுத் தெரு. ஓட்டு வீடுகள், ஒரு பம்பு, காலை வெயில். தெருவின் நடுவில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை. விடைத்தாள் அதை 'வெளிச்சம்' என்றது. வெளிச்சம் என்றால் கார் அதன் மேல் போகலாம். அவள் 'தடை' என்று குறித்திருந்தாள்.

சூப்பர்வைசர் வேலூர்க்காரர், கெட்டவர் இல்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"வெளிச்சத்தப் போயி தடைன்னு போட்டுகினு இருக்கியேம்மா."

"அது பாவுங்க."

"பாவோ கீவோ. விடையில இன்னா இருக்குதோ அதான்."

"கார் உள்ள பூந்துடும்ங்க."

"பூந்தா உனுக்கு இன்னா? கார் உங்க வூட்டுதா?"

"பாவு யாரு வூட்டுதோ."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "ஆட்சேபணை எழுதற பெட்டி ஒண்ணு இருக்குது. இங்கிலீஷ்ல எழுதணும். சாயங்காலத்துக்குள்ள போடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாவு என்பது சேலைக்கு நீளவாட்டில் ஓடும் பட்டு நூல். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை ஒட்டிச் சரிசெய்வார்கள். ஆரணித் தெருக்களில் நான் பிறந்ததிலிருந்து பார்ப்பது. பார்ப்பது என்று சொல்வதுகூடச் சரியில்லை. கால் தானாக ஒதுங்கிப் போகும். நெசவு வேலையே இல்லாத களம்பூர்க்காரிக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"மொத நாளு பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஜல்தியா வந்துகினு இருந்தேன் சார். தாண்டிடலாம்னு காலத் தூக்கிட்டேன். ஒரு அம்மா கத்துச்சு பாருங்க. 'ஏம்மா, பாவத் தாண்டுவியா? அறுந்துபோனா உங்கப்பன் வந்து ஒட்டித் தருவானா?'ன்னு. அன்னிலேர்ந்து எங்க வெள்ளையா நீளமா கெடந்தாலும் நின்னுடுவேன்."

ஆட்சேபணையை இங்கிலீஷில் நான் எழுதித் தருகிறேன் என்றேன். "இருக்கட்டும் சார், போன் எழுதும்," என்றாள். பேச்சைக் கேட்டு மொழிபெயர்க்கும் ஏஐ செயலி அவள் போனில் இருந்தது. அதைத் திறந்து வாயருகே வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இது வெளிச்சம் இல்ல. பட்டு நூலு. தெருவுல இழுத்துக் கட்டியிருக்காங்க. கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க, நடுவுல குறுக்குக் குச்சி இருக்குது. கீழ நிழல் விழுது. வெளிச்சத்துக்கு நிழல் ஏது? இதத் தாண்டக் கூடாது, சுத்திகினுதான் போவணும். வண்டி ஏறினா ஒரு குடும்பத்துக்கு ஒரு மாச வேல போச்சு."

திரையில் இங்கிலீஷ் வந்தது. என்னிடம் நீட்டினாள். நாளிதழில் பிரதியைத் திருத்தியே பழகிய கண் எனக்கு. படித்தேன், வெட்ட ஒரு சொல்லும் இல்லை. அனுப்பினாள்.

பிறகு நான் என் விடையைத் திறந்து பார்த்தேன். 'வெளிச்சம்' என்றுதான் குறித்திருந்தேன். படத்தைப் பெரிதாக்கினேன். குச்சி இருந்தது. அதன் அடியில் மெல்லிய நிழலும் இருந்தது.

அடுத்த மூன்று நாள் பதில் இல்லை. அவள் கட்டம் போடுவதை நிறுத்தவில்லை. பனி விழுந்தது, நாய் அதே கம்பத்தடியில் நின்றது. இரண்டாம் நாள் பிற்பகல், கண் செருகிய நேரத்தில், அந்தச் சிவப்புக் கதவிலிருந்து சைக்கிள் வரைக்கும் யாரோ பாவு இழுத்துக் கட்டியிருப்பதாகத் தோன்றியது. பனி இழை இழையாக அதன் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. மௌஸை அங்கே கொண்டுபோனேன். ஒன்றுமில்லை.

நான்காம் நாள் காலையில் சூப்பர்வைசர் வந்தார்.

"மேல ஒத்துகினாங்க. விடைய மாத்திட்டாங்க. பட்டியல்ல 'விரித்த நூல்'னு புதுசா ஒரு பேரு சேத்துக்கிறாங்க. உனுக்கு அஞ்சுதான்மா தப்பு." என் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்கு ஒண்ணு ஏறிடுச்சு."

அவள் அப்போதே எழுந்து மாடிப்படிக்குப் போய் அம்மாவுக்குப் போன் செய்தாள். கதவு திறந்தே இருந்தது. மில் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று சத்தமாகப் பேசினாள்.

"தேறிட்டேம்மா... ஆமா... மேஸ்திரி கிட்ட சொல்லிடு, எனுக்கு பதிலு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு... இல்லம்மா, பொய் இல்ல... சாயந்தரம் வந்து சொல்றேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தபோது புதிய படங்கள் வந்திருந்தன. எல்லாம் நம் தெருக்கள். முதல் படத்தில் ஒரு பாவு, காலை வெயிலில் வெள்ளையாக, தெருக்கோடி வரை. அவள் அதன் ஓரத்தைத் தொடாமல், கொஞ்சம் தள்ளியே கட்டம் போட்டாள்.