இலை அடைத்த சாயங்காலம்

கம்பெனி கேட்டைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டோம். அப்பாவின் தலையில் பாய்ச்சுருட்டு, என் கையில் கஞ்சிப்பானை. மலையடிவாரத்து வித்துராவுக்கு நடந்துபோய் பஸ் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களை விட்டு இப்படிக் கிளம்பியிருக்கிறேன். சந்தோஷமாக நடந்தது அந்த ஒரு முறைதான். அம்மாவைப் பார்க்கப் போகிறோம்.

அந்த மின்சாரக் கம்பெனி, மலை ஓடையை மறித்து, வாய்க்காலில் திருப்பி, சரிவிலிருந்த தொட்டியில் நிறைத்தது. அங்கிருந்து பெரிய குழாய் வழியாகக் கீழே பாயும் தண்ணீர் எந்திரத்தைச் சுழற்றும். அதில் பிறக்கும் மின்சாரத்தை அரசாங்க மின்சார போர்டு வாங்கிக்கொள்ளும். தொட்டியின் வாயில், குப்பையைத் தடுக்க ஜன்னல் கம்பிபோல ஒரு கம்பி அழி. அதில் வந்து ஒட்டும் இலைகளை நீண்ட இரும்பு வாரியால் இழுத்துப் போடுவது அப்பாவின் வேலை. இலை அடைத்தால் தண்ணீர் குறையும், எந்திரம் தானாக நின்றுவிடும்.

அம்மா திருவனந்தபுரத்தில் மாமா வீட்டில் இருந்தாள். சாலைக் கடைத்தெருவில், மாமா மேஸ்திரியாக இருந்த மிளகாய்க் கிடங்கில் காம்பு கிள்ளினாள். அப்பாவையும் மூட்டை தூக்க வரச்சொன்னார் மாமா. "அவனுக்குக் கீழ சுமடு எடுக்கதுக்கு, நான் இங்க மழையில நனைஞ்சே கெடக்கேன்" என்றார் அப்பா. ஓணத்துக்கு வருவதாகச் சொல்லிப்போன அம்மா, ஓணம் கழிந்தும் வரவில்லை.

நான் அழும்போதெல்லாம் அப்பா மின்கம்பியைக் காட்டுவார். "மக்கா, இந்தக் கரண்டு நேரே ஒனக்க அம்மைக்க பல்புக்குத்தான் போவுது." சொல்லிவிட்டு அவரும் அந்தக் கம்பியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் நம்பினேன். பல்பு அணைந்தால், மகன் கூப்பிடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும் அல்லவா?

ஒரு மழைநாள் சாயங்காலம் வாரியை என்னிடம் தந்துவிட்டுக் கஞ்சி வைக்கப் போனார் அப்பா. நான் வாரவில்லை. கரையில் குவிந்து கிடந்த இலையையும் அள்ளி உள்ளே தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் கீழே எந்திரத்தின் இரைச்சல் அடங்கியது. ஓடிவந்த அப்பா, என் முழங்கை வரை ஒட்டியிருந்த இலைகளைப் பார்த்தார். வாரியை வாங்கிக்கொண்டார்.

சூப்பர்வைசர் குடையோடு ஏறி வந்தார். "எந்தாடோ, உறங்கிப்போயோ?"

"ஆமா சாரே. கண்ணு அசந்துபோச்சு."

"எங்கில் வீட்டில் போய் உறங்கிக்கோ. நாளெ முதல் வரண்டா."

நாளை முதல் வரவேண்டாமாம். வேலை போனது அப்படித்தான்.

மாமா வீட்டு வாசலில் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அவள் கையிலிருந்த மிளகாய்க் காரத்தில் கண் எரிந்தது. விடவில்லை. "நேத்து லைட்டு அணைஞ்சுதாம்மா?"

"இல்லியே மக்கா. என்னத்துக்குக் கேக்க?"

அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஆத்துல ஒரு கொடம் ஊத்துனா, நம்ம வெள்ளம் எதுன்னு ஆருக்குத் தெரியும்? கரண்டும் அப்படித்தான். எல்லாம் கலந்துதான் வருது."

உள்ளேயிருந்து மாமா சிரித்தார். "என்ன மாப்ளே, மலையில வெள்ளம் வத்திப்போச்சா?"

மறுநாள் காலை அப்பா தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு கிடங்கு வாசலில் நின்றார். மாமா கைகாட்டிய மூட்டைக்குக் குனிந்தார். உள்ளே அம்மா, வெளியே அப்பா. இருவருக்கும் நடுவில் நாள் முழுவதும் குதித்துக்கொண்டிருந்தேன். அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் அப்பா ஒருமுறைகூட ஏன் திரும்பவில்லை என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.