எல்லோருக்கும் ஒரே சாவி

கார்குழலிக்குச் சந்தேகம் பிறவிக் குணம். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்க்காமல் உள்ளே விடமாட்டாள். முத்தியால்பேட்டை வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை வண்டியில் போய், திரும்பி வந்து நான்காவது முறை இழுத்த நாளும் உண்டு. கல்யாணமான புதிதில் அவள் கணவர் செம்மல், "என்னையும் எடை போட்டுத்தான் கட்டிக்கினியா?" என்று கேட்டார். "ரெண்டு தடவ போட்டேன்" என்றாள். சிரிக்கவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையும் பொருத்தமானதுதான். சாரம் பகுதியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் முதலாளியோடு சேர்த்து ஐந்து பேர் வேலை பார்க்கும் சிறிய கம்பெனி. ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பதினொரு லேப்களின் நோயாளி விவரங்களைப் பாதுகாத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். விவரமெல்லாம் இருப்பது மாடியில் அல்ல, எங்கோ மும்பையில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டரில். 'கிளவுட்' என்று சொல்லிக்கொள்வார்கள். அங்கே இருக்கும் டேட்டாபேஸுக்கு ஒன்பது வருடமாகக் கார்குழலிதான் காவல்.

காவல் என்று பேர்தான். அந்த வீட்டுக்கு இருந்தது ஒரே சாவி. முதலாளி ராஜாங்கம் முன்பு பிரௌசிங் சென்டர் நடத்தியவர். கம்பெனி தொடங்கியபோது தன் பெயரில் ஒரு கணக்கைத் திறந்தார். பிறகு யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. தண்ணீர் கேனுக்கு மேலே தொங்கும் காலண்டர் அட்டையில் அதைப் பேனாவால் எழுதியே வைத்திருந்தார். "ஊட்ல ஆளுக்கொரு சாவியா வெச்சிக்கினு இருப்பாங்க? நாமெல்லாம் ஒரே குடும்பம்மா" என்பார். கார்குழலி இரண்டு முறை எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தாள். இரண்டு முறையும் சிரித்தார். மூன்றாம் முறை எழுத அலுத்துப்போய் விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கலியமூர்த்தி என்பவர் படியேறி வந்தார். லேப்புக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அவர்கள் இங்கே கை காட்டிவிட்டார்கள்.

"எம் பொண்ணு ஹேமலதா சளி டெஸ்ட் குடுத்தா. டிபின்னு வந்திருக்கு. எங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி மாப்ள ஊட்டுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? ஆறு மாசம் மாத்திரை சாப்ட்டா சரியாப் போற நோவுய்யா அது! நிச்சயம் பண்ணத நிறுத்திட்டாங்க. யாரு சொன்னாங்கன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க."

அன்று மாலையே லேப்பிலிருந்து போன் வந்தது. ஒரு வாரத்துக்குள் ஆளைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள்.

யார், எப்போது, எதைத் திறந்தார்கள் என்று கம்ப்யூட்டர் தானாகவே குறித்துவைக்கும் பதிவு ஒன்று உண்டு. கார்குழலி அதைத் திறந்தாள். ரிசல்ட் வந்த நாளில் ஹேமலதாவின் விவரத்தைப் பார்த்தவர் ராஜாங்கம். அதற்கு முன்பும் ராஜாங்கம். பிறகும் ராஜாங்கம். எல்லோரும் ஒரே சர்வர் வழியாகப் போவதால் எந்த இடத்திலிருந்து என்பதும் ஒன்றுதான்.

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "அன்னிக்கு நான் விழுப்புரத்துல கல்யாணத்துல இருந்தேம்மா!"

"தெரியும் சார். இங்க அஞ்சு பேருமே ராஜாங்கம்தான்."

பதிவு கைவிட்டதும் அவளுடைய பிறவிக் குணம் வேலைக்கு வந்தது. பில் போடும் பிரேம்குமாரை ஒரு நாள் முழுக்கக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். லேப்காரர்களின் புகார்களைச் சரிசெய்யும் அன்பழகன் ஓட்டைவாய். அவன்மேல் ஒரு கண். கடைசியில் அவள் மனம் போய் நின்ற இடம் தனக்கொடி.

தனக்கொடி ஐம்பதைத் தாண்டியவள். வேலை பார்த்த மில் மூடியபின் அவள் அப்பா காய்கறி வண்டி தள்ளிப் படிக்கவைத்த பெண். லேப்களிலிருந்து வரும் சீட்டைப் பார்த்துப் பெயர், வயது, போன் நம்பர் ஏற்றுவது அவள் வேலை. சொந்த ஊர் நோணாங்குப்பம். நின்றுபோன கல்யாணத்து மாப்பிள்ளை வீடும் நோணாங்குப்பத்தில், அதே தெருவில். போதாக்குறைக்கு, ரிசல்ட் வந்த அன்று மதியம் தனக்கொடி பால்கனியில் நின்று ரகசியமாகப் போன் பேசியதையும், தன்னைப் பார்த்ததும் கட் பண்ணியதையும் கார்குழலி கண்ணால் பார்த்திருந்தாள்.

அதற்குப்பின் எல்லாமே பொருந்தியது. சாப்பாட்டு நேரத்தில் அவள் பேசாமல் இருந்தால் குற்ற உணர்ச்சி. பேசினால் நடிப்பு. வெள்ளிக்கிழமை கார்குழலி முதலாளியிடம் பெயரைச் சொன்னாள். அவர் தனக்கொடியைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் ஊட்ல இரும்மா" என்றார்.

"எதுக்கு சார்?"

அவர் சுவரைப் பார்த்தார். தனக்கொடி கார்குழலியைப் பார்த்தாள். டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். ஆளை நிறுத்திவிட்டோம் என்று லேப்புக்குத் தகவல் போனது. லேப் அதைப் பெயரோடு கலியமூர்த்திக்குச் சொன்னது.

இனி இப்படி நடக்கக் கூடாதென்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து ஆளுக்கொரு சாவி செய்தாள் கார்குழலி. அவரவர் வேலைக்கு எது வேண்டுமோ அது மட்டும் திறக்கும். பிரேம்குமாருக்கு பில் தெரியும், நோய் தெரியாது. அன்பழகனுக்குப் புகார் தெரியும், ஆள் தெரியாது. முதலாளிக்கு ஒரு நாளில் எத்தனை டெஸ்ட் என்கிற எண்ணிக்கை.

"முதலாளிக்கே இவ்ளோதானாம்மா?"

"எண்ணிக்கைக்கு மேல உங்களுக்கு எதுக்கு சார்?"

"எங்க எல்லாரையும் சந்தேகப்படுறீங்களா மேடம்?" என்று முறைத்தான் பிரேம்குமார். "ஆமா. என்னையும் சேத்துத்தான்" என்றாள். உண்மைதான், தன் சாவியையும் குறைத்துக்கொண்டாள். ரிசல்ட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அவளும் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கதவு தானாக மூடிக்கொள்ளும். ஆனால் அதைச் சொன்னபோது மனசுக்குள் கொஞ்சம் கர்வம் இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய சாவியைச் செல்லாததாக்கினாள். இனி அதை வைத்துக்கொண்டு யார் தட்டுகிறார்கள் பார்ப்போம் என்று காத்திருந்தாள். ஐந்தே நிமிடம். 'ராஜாங்கம்: அனுமதி இல்லை' என்று ஒரு வரி விழுந்தது. ரிசல்ட்டைத்தான் கேட்டிருந்தது. வீட்டிலிருந்தபடியே தனக்கொடியா? பாஸ்வேர்டு அவளுக்கு மனப்பாடமாயிற்றே!

மறுபடி ஐந்து நிமிடம் கழித்து ஒன்று. பிறகு ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. நொடி பிசகவில்லை. மனிதர் யாரும் இப்படிக் கதவு தட்ட மாட்டார்கள்.

தேடினாள். தட்டியது, நோயாளிகளுக்கு மெசேஜ் அனுப்பும் ப்ரோக்ராம். நான்கு வருடத்துக்கு முன் எழுதப்பட்டது. 'ரிப்போர்ட் தயார்' என்று சொல்ல அதற்குப் பெயரும் போன் நம்பரும் போதும். ஆனால் அதன் கையில் இருந்தது முழு வீட்டுச் சாவி. மேலே முதல் வரியில் குறிப்பு இருந்தது: 'தற்காலிகம். தனிச் சாவி பிறகு செய்யணும்.' கீழே எழுதியவர் பெயர், கார்குழலி. மழை வரப்போகிறது, வீட்டு மாடியில் துணி காய்கிறது என்று அரை மணி நேர வேலையை நாளைக்குத் தள்ளிவிட்டுப் போன மாலை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அன்பழகனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"நாலு மாசம் முன்ன லேப்ல கேட்டாங்க மேடம். ரிசல்ட்ட வாங்க ரெண்டு பஸ் மாறி வராங்க, மெசேஜ்லயே போட்டுடுங்கன்னாங்க. ஒரு வரிதான் சேத்தேன். உடனே வேலை செஞ்சுது. அதான் உங்ககிட்ட சொல்லல."

வேலை செய்திருக்கக் கூடாது. அந்த ப்ரோக்ராமுக்குப் பெயரும் நம்பரும் மட்டும் தெரிந்திருந்தால் அந்த வரி அங்கேயே முட்டி நின்றிருக்கும். அவனும் அவளிடம் வந்து நின்றிருப்பான்.

காரணம் எழுதிவைத்து ஹேமலதாவின் சீட்டைத் திறந்தாள். நம் ஊர் லேப் கவுண்டரில் போன் நம்பர் கேட்டால், கூட வந்தவர் தன் நம்பரைச் சொல்லிவிடுவார். யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. சீட்டில் தெளிவாகவே இருந்தது: 'உடன் வந்தவர்: மாப்பிள்ளையின் அக்கா.' முகூர்த்தப் புடவை எடுக்க நாத்தனாரோடு டவுனுக்கு வந்த பெண், இருமல் விடவில்லையே என்று போகிற வழியில் சளியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். தனக்கொடி சீட்டில் இருந்த நம்பரை ஓர் இலக்கம் பிசகாமல் ஏற்றியிருக்கிறாள். நோயின் பெயரை நேரே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியது கார்குழலியின் ப்ரோக்ராம்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. சிலிண்டரை எடை போட்டவள், ஒரு மனுஷியை எடை போடாமலே தூக்கி எறிந்துவிட்டாள்.

ராஜாங்கம் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "லேப்புக்கு ஆளக் காட்டியாச்சும்மா. அவங்களும் சமாதானம் ஆயிட்டாங்க. சத்தமில்லாம சரி பண்ணிடு. தனக்கொடிக்கு வேற எங்கயாவது வேலை சொல்லி உட்றேன்."

"தப்பான ஆளக் காட்டிட்டோம் சார். அந்த ஆளு நான்."

நடந்ததையெல்லாம் தன் பெயர் போட்டு லேப்புக்கு எழுதினாள். கலியமூர்த்திக்கும் போன் செய்து சொன்னாள். அவர் திட்டிய திட்டை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு நோணாங்குப்பம் போனாள்.

தனக்கொடி வாசலில் நிற்கவைத்தே கேட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

"அன்னிக்கு போன்ல யார்கிட்ட பேசினேன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல? எங்க தங்கச்சிக்கு கர்ப்பப்பைய எடுக்கணும்னாங்க. அத ஆபீஸ் நடுவுல நின்னா பேச முடியும்?"

"தப்புதாங்க்கா. மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கறது கெடக்கட்டும். கொழாயடிக்குப் போனா பேச்சு நின்னு போவுது. பொண்ணு கல்யாணத்த நிறுத்தனவன்னு சொல்றாங்க. அத யார்கிட்டப் போயி நான் மன்னிக்கறது?"

வியாழக்கிழமை தனக்கொடி வேலைக்கு வந்தாள். இத்தனை வருடமும் 'குழலி' என்று கூப்பிட்டவள் 'மேடம்' என்றாள். கார்குழலி அவளுக்கான புதுச் சாவியைக் கொடுத்தாள். பெயர், வயது, போன் நம்பர், உடன் வந்தவர். அதற்கு மேல் எதுவும் திறக்காது.

தனக்கொடி உட்கார்ந்ததும் முதல் காரியமாக யாரோ ஒருவரின் ரிசல்ட்டை அழுத்தினாள். 'தனக்கொடி: அனுமதி இல்லை' என்று வந்தது. இன்னொருவருடையதை அழுத்தினாள். அதுவும் இல்லை. நான்கைந்து முறை அழுத்திப் பார்த்தாள். முகம் லேசாகத் தெளிந்தது.

"இத பிரிண்ட் எடுத்துக் குடுங்க மேடம். எங்க தெருவுல காட்டணும்."

கார்குழலி எடுத்துக் கொடுத்தாள். தாளை வாங்கி, பெயரைப் படித்து, மேல் மூலையில் இருந்த தேதியைப் படித்தாள் தனக்கொடி.

"இன்னிக்குத் தேதி போட்டிருக்கே. அந்தப் பொண்ணு ரிசல்ட் வந்த நாள் தேதி போட்டுக் குடுக்க முடியாதா?"

"முடியாதுக்கா. அன்னிக்கு எல்லார்கிட்டயும் ஒரே சாவிதான்" என்றாள் கார்குழலி.

தனக்கொடி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அன்றைய முதல் சீட்டை எடுத்தாள்.