தனபாக்கியத்துக்கு மைக்கில் சொன்னது

தனபாக்கியம் போய்விட்டார். நேற்று சாயங்காலம், ஆஸ்பத்திரியில்... அவர் மகள் போன் செய்து சொன்னாள்.

மரக்காணம் உப்பளத்தில் நான் மேஸ்திரியாக இருந்தபோது எங்களிடம் வேலை பார்த்தவர். காலனிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் நான் "ஏ தனம்" என்றுதான் கூப்பிடுவேன்.

தண்ணீர் கேட்டால் கேனைத் தூக்கி மேலிருந்து ஊற்றுவேன். இரண்டு கையையும் குவித்துக் குடிப்பார். சொம்பு பக்கத்திலேயே இருக்கும்.

"மெதுவா ஊத்துங்க மேஸ்திரி, சேலையெல்லாம் நனையுது" என்று சிரிப்பார்.

சுனாமி அன்றைக்கு வரப்பு கட்டிக்கொண்டிருந்தோம். ஓடையில் திடீரென்று தண்ணீர் ஏறியது. நான் மலைத்துப்போய் நின்றுவிட்டேன்.

"டேய், என்னாடா வேடிக்க பாக்குற? ஓடியாடா!"

கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்துப்போனது தனபாக்கியம்தான். அந்தப் பிடியால்தான் நான் இன்று உயிரோடு இருக்கிறேன்.

ஸ்கூலில் முகாம் போட்டார்கள். முதல் இரண்டு நாள் எல்லோரும் ஒரே ஹாலில். அப்புறம் எங்கள் ஆட்களே அதிகாரியிடம் போய், காலனி ஆட்களோடு படுக்க மாட்டோம் என்றார்கள். அவரும் "பிரச்சினை வேணாம்பா" என்று உத்தரவே போட்டுவிட்டார். அவர்களுக்குத் தனி இடம், தனிச் சாப்பாட்டு வரிசை, தனித் தண்ணீர்.

உப்பளத்தில் கத்திப் பழகிய தொண்டை... உத்தரவுப் பேப்பரையும் மைக்கையும் என்னிடம் கொடுத்தார்கள். நானும் படித்தேன்.

"காலனி ஆளுங்கல்லாம் சாமான எடுத்துக்கிட்டு உர குடோனுக்குப் போங்க."

மூன்று தடவை சொன்னேன்.

தனபாக்கியம் பாயைச் சுருட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். ஒரு நிமிடம் நின்றார்.

"மைக்கு நல்லா கேக்குது மேஸ்திரி. பக்கத்துல வந்து சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கும்."

குடோனுக்குத் தண்ணீர் டேங்க் வர நாலு நாள் ஆனது. அதற்குள் ஒரு மத்தியானம் தனபாக்கியம் எங்கள் ஹால் குழாயில் குடத்தை வைத்தார். போலீஸ்காரர் ஒருவர் காலிக் குடத்தோடு திருப்பி அனுப்பினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பேப்பர் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகும் உப்பளத்தில் தினமும் பார்த்தோம். தண்ணீர் மட்டும் என்னிடம் கேட்கவே இல்லை. வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்தார்.

மன்னிப்புக் கேட்க எத்தனையோ வருஷம் இருந்தது... கேட்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

இன்று மத்தியானம் எடுக்கிறார்கள். கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். அதனால் இதையும் இங்கே எல்லோர் முன்னாலும் எழுதிச் சொல்கிறேன்.

மன்னிச்சிடுங்க, தனம் அக்கா...