ஆட்டத்தைத் திறக்கச் சொல்லி ஒரு மனு

எங்கள் வீட்டில் ஒரு சீட்டுக்கட்டு உண்டு. கல்யாணமான புதிதில் திருச்செந்தூரில் வாங்கியது. கோயிலுக்குப் போனவர்கள் விபூதியும் பனங்கற்கண்டும் வாங்கி வருவார்கள், இதுகள் சீட்டுக்கட்டோடு வந்து நிற்கின்றன என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். அதை வைத்து நானும் என் வீட்டுக்காரரும் கழுதை ஆடுவோம். கட்டு முழுவதையும் இரண்டு பேருக்கும் பிரித்துப் போட்டுவிட வேண்டும். கடைசியில் யார் கையில் சீட்டு மிஞ்சுகிறதோ அவர்தான் கழுதை. அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது கழுதையின் பாடு.

இரண்டே பேர் ஆடினால் அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. என் கையில் இல்லாததெல்லாம் அவர் கையில். என்னிடம் இஸ்பேட் தீர்ந்துவிட்டது என்று நன்றாகத் தெரிந்தும் இஸ்பேடையே இறக்குவார். நான் வேறு இனத்துச் சீட்டைப் போட்டு வெட்டுவேன், குவியல் அவர் தலையில் விழும். அப்போது சிரிப்பை அடக்கக் கீழுதட்டைக் கடித்துக்கொள்வார். பகலெல்லாம் டிரெய்லர் லாரி ஓட்டிவிட்டு வந்த மனிதர் வேண்டுமென்றே தோற்றுவிட்டு எழுந்து பாத்திரம் கழுவுவார். அதைவிடப் பெரிய செல்லம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

பிறகு செல்போனில் ரம்மி வந்தது. துறைமுக வாசலில் வண்டிகள் வரிசையில் கிடக்கும் நேரத்தில் ஆட ஆரம்பித்தார். போன காசைப் பற்றி எழுதப் போவதில்லை; எல்லார் வீட்டிலும் அது ஒரே கதைதான். எங்கள் சீட்டுக்கட்டு அரிசி டின்னுக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் மாநிலத்தில் அந்த ஆட்டத்துக்குத் தடை போட்டார்கள். நான் வேலை பார்ப்பது சரக்கு அனுப்பும் அலுவலகத்தில். எந்த டிரெய்லர் எந்த ஊருக்கு என்று பட்டியல் போடுவது என் பொறுப்பு. அவர் ஓட்டுவதும் எங்கள் அலுவலக வண்டிதான். தடை வந்த வாரமே என் மேசைக்கு வந்து, "ஏளா, கொல்லத்துக்குப் போற முந்திரிக்கொட்டை லோடு எல்லாத்தையும் எம்பேர்ல போடு" என்றார். மனிதருக்குப் புத்தி வந்துவிட்டது, கூடுதலாக வண்டி ஓட்டி, விட்ட காசைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முதலாளி அண்ணாச்சியிடம் மல்லுக்கட்டி அந்த லோடுகளை வாங்கிக் கொடுத்தேன். எலுமிச்சம்பழச் சோறு வேறு கட்டிக் கொடுத்தேன்.

அலுவலகத் திரையில் எங்கள் வண்டிகள் புள்ளிகளாக நகரும். அவருடைய புள்ளி ஒவ்வொரு தடவையும் புளியரை செக்போஸ்டைத் தாண்டி, கேரளத்துக்குள் நுழைந்ததும், ஆரியங்காவு பக்கம் ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் நிற்கும். அங்கே யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் மனசுக்குள்ளேயே அவளோடு சண்டை போட்டேன். அவளுக்குச் சுருட்டை முடி என்றுகூட முடிவு செய்திருந்தேன். நேரடியாகக் கேட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒருத்தியும் இல்லளா. இங்கன போன்ல ஆட்டம் தொறக்காது. செக்போஸ்டத் தாண்டுனா தொறக்கு."

சக்களத்தியாக இருந்தால் சுருட்டை முடியைப் பிடித்து உலுக்கியிருப்பேன். இதற்கு யாரைப் பிடிப்பது? பட்டியல் போட்டு அனுப்பியவளே நான்தான். நான் மாற்றிப் போட்டாலும், மற்ற டிரைவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி லோடை மாற்றிக்கொண்டு போனார். வாரத்தில் நாலு நாள் வீட்டில் ஒற்றைத் தட்டு.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர், "மடைய அடச்சா தண்ணி கரைய ஒடச்சிக்கிட்டுத்தாம் போவும். தொறமொகத்துல சரக்கு வாரமாதிரி, பேர எழுதி, நேரத்தக் குறிச்சி, வரி வாங்கிட்டு உள்ள விடணும்" என்றார். ஆனால் எங்கள் தெருவிலேயே ஒருத்தி, தடை வந்த அன்று பாயசம் காய்ச்சி வீடு வீடாகக் கொடுத்தாள். அவள் புருஷன் அதோடு ஆட்டத்தை விட்டுவிட்டான். நானும் அந்தப் பாயசத்தைக் குடித்தவள்தான். அவள் சொல்வதும் நியாயம், அண்ணாச்சி சொல்வதும் நியாயம். எனக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் வேண்டியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனேன். மனு வாங்கிய ஊழியர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, தடை நீடிக்கணும்னு எழுதறதுக்குப் பதிலா ஆட்டத்தத் தொறக்கணும்னு எழுதியிருக்கீங்களே?"

"சரியாத்தான் எழுதியிருக்கேன் சார்."

இந்த ஆட்டத்தை எங்கள் மாவட்டத்திலும் அனுமதிக்க வேண்டும், ஆனால் சாயங்காலம் ஏழு மணி முதல் பத்து மணி வரை பூட்டி வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஏழு முதல் பத்து என்பது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரமும் கழுதை நேரமும். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கையிலும் ஒரு மனு இருந்தது, அது தடைக்கு நன்றி சொல்லி எழுதியது.

என் மனுவால் ஒன்றும் நடக்கவில்லை. நீதிமன்றத்தில், ரம்மி சூது இல்லை, திறமையால் ஆடுவது என்று சொல்லித் தடையை நீக்கினார்கள். பின்னால் அரசாங்கம் விதிகள் போட்டது. ஆதார் கேட்டார்கள், நடுச்சாமத்திலிருந்து விடியும்வரை ஆட்டத்தைப் பூட்டினார்கள். ஊர் உறங்கும் நேரத்தைப் பூட்டியவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தோன்றவில்லை. சட்டம் எழுதியவர் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள் போலிருக்கிறது.

அவர் கொல்லத்து லோடை விட்டுவிட்டார். பொழுது சாய வீட்டுக்கு வந்தார். முதல் நாள் நெத்திலிக் குழம்பு வைத்து, பூவெல்லாம் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தார், எதிரில் உட்கார்ந்தார், இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டார். குழம்பில் உப்புப் போட மறந்திருந்தேன், அதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஆரியங்காவில் நின்ற புள்ளிக்காவது எப்போது கிளம்பும் என்று காத்திருந்தேன். எதிரில் இருப்பவருக்காக எப்படிக் காத்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில்தான் அவரை அதிகமாகத் தேடினேன்.

இப்போது நாடு முழுவதுமே காசு வைத்து ஆடுவதை மூடிவிட்டார்கள். போனில் திருட்டு வழியில் கூப்பிடும் ஆட்டங்கள் உண்டு என்கிறார்கள். அவர் போகவில்லை என்கிறார், நம்புகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார். அரிசி டின்னுக்கு மேலிருந்து சீட்டுக்கட்டை எடுத்துத் தூசி தட்டி முன்னால் வைத்தேன்.

"கழுத ஆடுவமா?"

கலைத்துப் போட்டார். எனக்குப் பதின்மூன்று, அவருக்குப் பதின்மூன்று. அதோடு கை நின்றது. அடுத்த சீட்டைத் திருப்பி நடுவில் வைத்தார்.

"இது ரம்மி இல்ல. எல்லாச் சீட்டையும் போடணும்" என்றேன்.

"கை தானா நின்னுட்டு" என்று சொல்லிவிட்டு, மீதியையும் போட்டார்.

நான்தான் ஜெயித்தேன். என்னிடம் இஸ்பேட் தீர்ந்த பிறகு அவர் இஸ்பேடை இறக்கினார், நான் வெட்டினேன். முன்பெல்லாம் எனக்காகத் தோற்கிறார் என்று தெரியும். அன்றைக்கு எனக்காகத் தோற்றாரா, கவனம் இல்லாமல் தோற்றாரா என்று தெரியவில்லை. கீழுதட்டைக் கடித்திருக்கிறாரா என்று பார்க்க நினைத்தேன். அவர் குனிந்து குவியலை அள்ளிக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து பாத்திரம் கழுவப் போனார். நான் பின்னாலேயே போய், அவர் முகத்தைத் திருப்பட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.