நண்டுக்கால் சித்திரம்

சியாங் ஆற்றங்கரையில், சாங்ஷாவுக்கு வடக்கே, மலைச்சரிவு நெடுகச் சூளைகள் புகைந்துகொண்டிருந்த காலத்தில், சித்திரக் கொட்டகையில் சியூ என்றொருத்தி வேலை பார்த்தாள். மண் மிதிக்க வந்தவள்தான். சித்திரக்காரன் ஒருவன் காய்ச்சலில் படுத்தபோது அவனுடைய தூரிகையை எடுத்து விளையாட்டாக ஒரு வாத்தைப் போட்டாள். வாத்து நன்றாக வந்துவிட்டது. அன்றிலிருந்து கூரைக்கடியில், காலில் சேறு படாத வேலை. மண்குழிக்காரிகளுக்கு வயது ஏற ஏற முழங்கால் பானைபோல் வீங்கிவிடும். மறுபடி அங்கே இறங்க வேண்டியிருக்குமோ என்பதுதான் சியூவின் பயம்.

மேற்கே கடல் தாண்டிப் போகும் கிண்ணங்களுக்கு அவள் போட்டது நண்டுக்கால். எவனோ வெளிநாட்டு வியாபாரி எப்போதோ விட்டுப்போன ஓட்டுச்சில்லில் சில நேர்க்கோடுகளும் ஒரு கொக்கியும் இருந்தன. சூளைக்காரர்கள் அதை நண்டுக்கால் என்று நினைத்து, பார்த்துப் போட்டுப் பழகினார்கள். சியூவுக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. கோடுகளை வளைத்துச் சேர்த்து, நுனியில் மொட்டு வைத்த வால் ஒன்றைச் சுழித்துவிட்டாள். சுற்றுவட்டாரச் சூளைகளில் எவருக்கும் அந்த வால் வரவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் ஃபைரூஸ் என்ற பாரசீக வியாபாரி யாங்சோ துறைமுகத்திலிருந்து முதல்முறையாகத் தானே சரக்கெடுக்க வந்தார். ஆற்றில் தண்ணீர் வடிவதற்குள் படகு கிளம்ப வேண்டும். படகில் இடம் மிச்சமிருந்ததைப் பார்த்த குவோ மேஸ்திரி, கிண்ணங்களோடு எச்சில் படிக்கங்களையும் சேர்த்து அனுப்ப நினைத்தார்.

"அந்த ஊர்க்காரனும் துப்பத்தானே செய்வான்? அதே நண்டுக்காலப் போடு சியூ. வாலெல்லாம் வேணாம், நேரமில்ல."

சில்லைப் பார்த்து, படிக்கங்களின் விளிம்பில் மளமளவென்று போட்டுத் தள்ளினாள். அவை சூளையில் வெந்து இறங்கி, பெரிய ஜாடிகளுக்குள் வைக்கோலோடு அடுக்கப்பட்டு, வாய் கட்டிப் படகேறின. ஒரு படிக்கம் மட்டும் கரையில் தங்கிவிட்டது.

ஃபைரூஸ் அதைக் கையில் எடுத்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

"யார் எழுதினது இத?"

"எழுதறதா?" குவோ சிரித்தார். "இங்க எவனுக்கும் எழுத்து தெரியாதுங்க. இவ போட்ட படம். நண்டுக்கால்."

"நண்டா?" ஃபைரூஸ் கரையிலிருந்த காலி ஜாடி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். "இது எங்க கடவுளோட பேருய்யா. இந்தப் பாத்திரம் எதுக்கு?"

குவோ அதை வாங்கக் கை நீட்டினார். "துப்பறதுக்கு," என்றாள் சியூ. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

அவள் வீட்டில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. ஆனாலும் எழுத்துள்ள காகிதம் தரையில் கிடந்தால் பொறுக்கியெடுத்து அடுப்பில் மரியாதையாக எரிப்பார்கள். கோயில் காகிதத்தில் கருவாடு சுற்றியதற்காக அப்பா அவளைக் கன்னத்தில் அறைந்திருக்கிறார். இத்தனை வருஷமாகத் தான் எழுதிக்கொண்டிருந்ததை அவள் அறியவில்லை. அதுவும் ஒரு சாமியின் பெயரை.

குவோ படிக்கத்தைப் பிடுங்கிக் கல்லில் அடித்தார். "மாதிரிக்குச் செஞ்சதுங்க. இது ஒண்ணுதான்."

"நிஜமாவா? ஊர்ல கடைக்காரங்க எல்லாரும் நிக்கறப்பதான் ஜாடியப் பிரிப்பாங்க. இது வெளிய வந்திருந்தா ஒருத்தனும் என் முகத்துல முழிக்க மாட்டான். என் பொண்ணு கல்யாணம் நின்னுரும்."

"சத்தியமா வேற இல்லீங்க." படகுக் கயிற்றை இறுக்குவதுபோல் குனிந்த குவோ, சியூவின் காதருகே சொன்னார்: "வாயத் தொறந்தே, நாளைக்கே மண்ணு மிதிக்கப் போவே."

ஃபைரூஸ் நன்றி சொல்லிப் படகை நோக்கித் திரும்பினார்.

"ஐயா," என்றாள் சியூ. "படகுல முன்பக்கம் இருக்கிற ரெண்டு பெரிய ஜாடியிலயும் அதுதாங்க."

ஜாடிகளை இறக்கிப் பிரித்து, கரையிலேயே எல்லாப் படிக்கங்களையும் உடைத்தார்கள். குவோ அவளைப் பார்க்கவேயில்லை. மண்குழிப் பக்கம் கையை மட்டும் நீட்டினார்.

சியூ நகரவில்லை. "அப்ப கிண்ணத்துலயும் அதே பேருதானுங்களே? அதுல சாப்பிடலாமா?"

ஃபைரூஸ் அவளுடைய கிண்ணம் ஒன்றை எடுத்துத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"இதுல பேரு இல்லையே அக்கா."

"அதேதானுங்க போட்டேன்."

"இந்த வால எதுக்குப் போட்டீங்க?"

"அழகுக்கு."

"அது எழுத்த முழுங்கிருச்சு. எங்க ஊர்ல இதச் சீனத்துக் கொடின்னுதான் சொல்றோம். ஆசையா வாங்கறாங்க."

சியூ கிண்ணத்தையே பார்த்தாள். மூச்சடக்கி, மனசு வைத்துப் போட்டதெல்லாம் வெறும் கொடி. வாலில்லாமல் அவசரத்தில் போட்டது மட்டும், துப்புகிற பாத்திரத்தில், பிசகில்லாமல் வந்திருக்கிறது.

அவள் முகத்தைப் பார்த்து ஃபைரூஸுக்கு மனசு இளகியிருக்க வேண்டும். "வாலில்லாம, பேரோட, எனக்கு ஒரு கிண்ணம் போட்டுத் தருவீங்களா? இனி வருஷாவருஷம் அதையே வாங்கிக்கறேன்."

குவோவின் நீட்டிய கை மடங்கியது. "போடுவா, பேஷாப் போடுவா. உக்காரும்மா சியூ."

மேலே சித்திரக் கொட்டகையில், இன்னும் சுடாத களிமண் கிண்ணம் ஒன்றை அவள் முன்னால் வைத்தார்கள். சியூ தூரிகையைச் சாயத்தில் தோய்த்தாள்.

"எங்கேருந்துங்க ஆரம்பிக்கணும்?"

"வலது பக்கத்துலேருந்து," என்று ஃபைரூஸ் காற்றில் எழுதிக் காட்டினார்.

இத்தனை நாளும் அவள் இடது பக்கத்திலிருந்துதான் தொடங்கியிருந்தாள். தூரிகை கிண்ணத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. சாயம் சொட்டி, பெயர் வர வேண்டிய இடத்தில் கறையாகப் பரவியது.

"வாத்துன்னா போடறேன்," என்றாள். "சாமி பேருன்னு தெரிஞ்சப்புறம் இது என்னால ஆகாதுங்க."

"வாத்துக்கு இங்க ஆளா இல்ல?" என்று குவோ சீறினார்.

அவளே எழுந்து சரிவில் இறங்கினாள். மண்குழிக்காரிகள் நகர்ந்து இடம் விட்டார்கள். முழங்கால்வரை சேற்றில் நின்ற பிறகும் அவள் கையில் தூரிகை இருந்தது. அவர்களில் ஒருத்திதான் அவள் விரல்களைப் பிரித்து அதை வாங்கிக் குழியின் கரையில் வைத்தாள்.